மகமையும் சிறுவாடும்

சிறுகச் சேர்த்துத் தனியே எடுத்துவைக்கும் பணத்துக்குத் தென்மாவட்டங்களில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று மகமை. பேட்டையில் சரக்கு மூட்டை இறங்கும்போதும் ஏறும்போதும் அதன் மேல் ஒரு சிறு தொகையை ஊர்ப் பொதுவுக்கென்று வணிகர்கள் ஒதுக்கிவைப்பது. இன்னொன்று சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, மோர் விற்ற காசும் முட்டை விற்ற காசும் சேர்த்து, அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பெண்கள் யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பது. மகமைக்குக் கணக்கு நோட்டு உண்டு. அதைப் படித்துக் காட்ட ஒரு கூட்டமும் உண்டு. சிறுவாட்டுக்கு நோட்டு கிடையாது. வெளியே தெரிந்துவிட்டால் "எனக்குத் தெரியாம எதுக்குச் சேத்த?" என்ற கேள்விதான் வரும்.

இரண்டுமே சேமிப்புதான். இரண்டுமே நாலணா எட்டணாவில் தொடங்கியவைதான். ஆனால் மகமை 1921இல் ஒரு வங்கியாயிற்று. சிறுவாடு இன்னும் பானைக்குள் இருக்கிறது. தூத்துக்குடியில் 'நாடார் வங்கி' என்ற பெயரில் தொடங்கி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நூற்றாண்டைக் கடந்து நிற்கும் அந்த நிறுவனத்தின் வரலாற்றை, இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த வரலாற்றுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் வேரூன்றினார்கள். பனங்காட்டிலிருந்து கருப்பட்டியை வண்டியேற்றி வந்தவர்கள், வழிப்பறிக்குப் பயந்து சரக்கையும் மாட்டையும் பாதுகாக்கச் சுற்றுமதில் வைத்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டைச் செலவுக்கு எடுத்ததுதான் மகமை. செலவு போக மிஞ்சியதில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். இவை யாவும் நடந்த காலத்தில் அவர்களைப் பிறர் கோயில்களுக்குள் விடவில்லை. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி எரிந்தது.

1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. சமூகத்துக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற முடிவு 1920இல் தூத்துக்குடியில் கூடிய அதன் மாநாட்டில் உருவானது. மறு ஆண்டே வங்கி பதிவாயிற்று. அதே 1921இல்தான் இழிவாக ஒலித்த பழைய சாதிப்பெயரை அரசு தன் ஆவணங்களிலிருந்து நீக்கி, 'நாடார்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதிய பலகையைக் கடைவீதியில் மாட்டினார்கள். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 1947இல்கூட அதற்குத் தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் என்று நான்கே கிளைகள். 1962இல் சாதிப்பெயரை விடுத்து இன்றைய பெயருக்கு மாறியது. இன்று அதன் கிளைகளுக்குள் எல்லாச் சமூகத்தவரும் வந்துபோகிறார்கள்.

எனக்கும் இந்த வரலாற்றோடு ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. மகமைக் காசில் எழுந்த ஒரு பெண்கள் கல்லூரியில்தான் நான் இளங்கலைத் தமிழ் படித்தேன். எங்கள் வகுப்பில் பல சாதிப் பெண்கள் இருந்தோம். பாதிப்பேர் வீட்டில் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. கடன்பட்டவள் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில் தவறும் இல்லை.

பொதுவெளியில் சொல்லப்படும் வங்கியின் தொடக்கக் கதையில் வரும் பெயர்கள் எல்லாம் ஆண்களின் பெயர்கள். முன்மொழிந்தவர், முதல் தலைவர், இடம் கொடுத்தவர், திறந்துவைத்தவர். இதில் வியப்பில்லை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிடலாம். ஆனால் 'அந்தக் காலம் அப்படி' என்பது விளக்கம் ஆகாது. பெண்கள் அந்தக் கதையில் இல்லாமல் போனார்களா, அல்லது கதைக்கு அடியில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கருப்பட்டியிலிருந்து தொடங்குவோம். வணிக வளத்தின் வேர் அதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பனையேறுபவரின் உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், எழுத வேண்டியதுதான். ஆனால் மரத்திலிருந்து இறங்குவது பதநீர். சந்தைக்குப் போவது கருப்பட்டி. இரண்டுக்கும் நடுவில் விறகு பொறுக்கி, பனங்காட்டுக் குடிசைக்குள் வெக்கையில் நின்று, பதம் தப்பாமல் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்தவள் பெண். பதநீர் அன்றைக்கே புளித்துப்போகும். வண்டியில் பல நாள் தாங்கி விலைபோகும் சரக்காக அதை மாற்றியது அவள் அடுப்பு. அந்தச் சரக்கின் மேல்தான் மகமை விழுந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று எண்ணியபோது, மூட்டைக்குள் இருந்த அவள் உழைப்பும் சேர்த்தே எண்ணப்பட்டது. அவள் மட்டும் எண்ணப்படவில்லை.

மகமையை ஆண்டது உறவின்முறை. 'உறவு' என்று தொடங்கும் இந்தச் சொல் எல்லோரையும் அணைத்துக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. நடைமுறையில் அது குடும்பத் தலைவர்களான ஆண்களின் சபை. வரி கொடுப்பவரும் அவர்தான், கணக்குக் கேட்பவரும் அவர்தான். நாம் இன்று 'சமூகம்' என்று மொழிபெயர்த்துக்கொள்ளும் அந்த அலகு, தொடக்கத்திலேயே வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு தலை. அந்தத் தலைக்குப் பின்னால் சமையலறை இருந்தது. 'சமூக வங்கி' என்ற தொடரை நாம் வாசிக்கும்போது சமூகம் என்ற சொல்லில் சற்று நின்று வாசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மானம் என்று வருகிறபோது மட்டும் பெண் முன்னுக்கு வந்துவிடுகிறாள். தெற்கே திருவிதாங்கூர்ப் பகுதியில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் அரசு அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அடி வாங்கியவர்கள் அந்தப் பெண்கள். சமூகத்தின் எழுச்சி வரலாறு எங்கே சொல்லப்பட்டாலும் முதல் அத்தியாயம் அவர்களுடையது. பொருளாதார எழுச்சி என்ற அடுத்த அத்தியாயம் வந்ததும் அவர்களைக் காணோம். போராட்டத்தில் உடலாக இருந்தவள், முதலீட்டில் பெயராக ஏன் ஆகவில்லை?

சட்டம் இடம் தரவில்லை என்பது ஒரு பதில். உண்மைதான். 1921இல் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு இல்லை. சீதனம் என்று வந்தது மட்டும் சட்டப்படி அவளுடையது. வீட்டு வழக்கப்படி அதுவும் இல்லை. 1937இன் சட்டம் கைம்பெண்ணுக்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை மட்டும், ஒரு குறுகிய உரிமையைத் தந்தது. 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். அப்போதும், அதற்கு முன்பே கட்டிக்கொடுத்துவிட்ட மகளுக்கு அது பொருந்தவில்லை. ஆக, குடும்பப் பணத்தில் வாங்கிய ஒரு வங்கிப் பங்கு மகளை எட்டாமலேயே தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் போய்ச் சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமே வழிவிட்டிருந்தது.

ஆனால் இப்படியொரு எண்ணமே அந்த நாளில் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை பெண்களுக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், நாடார் மகாஜன சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். வங்கிக்கு அப்போது எட்டு வயது. சமூகத்தின் மிகப் பெரிய தலைவர் ஒருவரின் மேடையிலேயே அந்தக் கருத்து பேசப்பட்டுவிட்டது. மேடையில் ஒலித்தது சொத்துப் பத்திரங்களுக்குள் இறங்க அறுபது ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியைத்தான் நாம் வரலாறு என்று எழுத வேண்டும். 'காலம் அப்படி' என்ற வாக்கியம் இந்த இடைவெளியை மூடி மறைக்கிறது.

வங்கியின் வரலாற்றில் இன்னொரு கட்டமும் இப்படி வாசிக்கத் தக்கது. 1990களில் வங்கிப் பங்குகளில் பெரும்பகுதி சமூகத்துக்கு வெளியே இருந்த ஒரு தொழில் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. அதை மீட்க வேண்டும் என்று சமூக அமைப்புகள் திரண்டன. ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள், பல ஆண்டுகள் போராடினார்கள். ஒரு சிறு வங்கியைப் பெருமுதலாளிகளிடமிருந்து காக்கும் போராட்டம் என்ற அளவில் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'வெளியே போய்விட்டது', 'மீட்க வேண்டும்', 'நம் மானம்' என்ற சொற்களை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். வேறு சாதிப் பையனோடு போய்விட்ட பெண்ணைப் பற்றிப் பேசும்போது எந்தச் சாதி வீட்டிலும் புழங்கும் சொற்கள் இவை. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. சாதிக்குள் சொத்து நிற்க வேண்டுமானால் சாதிக்குள் திருமணம் நிற்க வேண்டும். பங்குப் பத்திரம் கைமாறுவதற்கு ஒரு காவல், பெண் கைமாறுவதற்கு ஒரு காவல். இரண்டையும் ஒரே சபை செய்கிறது. இது ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதில்லை. சாதியை அடித்தளமாக வைத்துக் கட்டிய எந்த நிதி நிறுவனத்தின் அஸ்திவாரத்திலும் அகமணம் என்ற கல் இருக்கிறது. ஆண்டறிக்கையில் அது அச்சாவதில்லை.

பெண்கள் இந்த வங்கியின் கதைக்குள் வெளிப்படையாக வருவது 1976இல். தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. சாலையில் முழுக்கப் பெண்களே பணியாற்றும் கிளை ஒன்று திறக்கப்பட்டது. அன்றைக்கு அது துணிச்சலான காரியம். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது, வாசலில் தயங்கி நின்ற இன்னொரு பெண்ணை உள்ளே வரவைக்கும். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பணியாளராக வருவதும் பங்குதாரராக வருவதும் வேறு வேறு. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பெண் கணக்கு எழுத வந்தாள். கணக்குக் கேட்கிற இடத்துக்கு எப்போது வந்தாள் என்பது இன்னும் எழுதப்படாத பக்கம்.

கவுண்டருக்கு முன்னால் நிற்பவளையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் நகைக்கடன் வரிசைதான் நீளம். இந்த வங்கி, அந்த வங்கி என்ற வேறுபாடு இதில் இல்லை. விதைப்புக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வங்கிக்குள் போவது பெண்ணின் கழுத்தில் கிடந்தது. வகுப்பில் ஒருமுறை என் மாணவிகளிடம், "உங்கள் அம்மாவின் நகை யார் பெயரில் அடகில் இருக்கிறது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். அப்பா பெயரில், அண்ணன் பெயரில், சித்தப்பா பெயரில் என்று பதில்கள் வந்தன. ஒரு மாணவி, "நகை அம்மாவோடது மேடம், சீட்டு அப்பாவோடது" என்றாள். இதைவிடச் சுருக்கமாக நான் எழுதிவிட முடியாது. கடைசி வரிசையில் இருந்த இன்னொருத்தி, "எங்க வீட்ல குழுக்கடன் அம்மா பேர்ல இருக்கு, அதுல வாங்குன வண்டி அப்பா பேர்ல இருக்கு" என்றாள். அடகு என்றால் பொருள் பெண்ணுடையது, கடன் ஆண் பெயரில். குழுக்கடன் என்றால் கடன் பெண் பெயரில், பொருள் ஆணுடையது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவளுக்கு வருவது தவணைதான்.

சிறுவாடு மகமையாக முடியுமா என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. அகமதாபாத்தில் ஜவுளித் தொழிலாளர் சங்கமான மஜூர் மகாஜன் சங்கத்தின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இலா பட், 1972இல் சுயதொழில் செய்யும் பெண்களுக்கென்று 'சேவா' என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடியிலும் அகமதாபாத்திலும் 'மகாஜன்' என்ற ஒரே சொல் இருந்ததைக் கவனியுங்கள். பெரியோர் கூட்டம் என்று பொருள். தலைச்சுமைக்காரிகளும், பழந்துணி விற்பவர்களும், காய்கறிக்காரிகளும் எந்த மகாஜனத்திலும் சேர்த்தி இல்லாதவர்கள். 1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. ஏழைகளுக்குக் கடன் தர வேண்டும் என்ற அரசுக் கொள்கையும் இருந்தது. ஆனாலும் அழுக்குச் சேலையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனவர்களை அங்கிருந்தவர்கள் நடத்திய விதம் அந்தப் பெண்களைத் தங்களுக்கென்று ஒரு வங்கி கேட்க வைத்தது. ஆளுக்குப் பத்து ரூபாய் என்று 4,000 பெண்கள் பங்குத்தொகை போட்டார்கள். 1974இல் அது கூட்டுறவு வங்கியாகப் பதிவாயிற்று.

பதிவுக்கு முன் வந்த தடை, கையெழுத்து. எழுதத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். விண்ணப்பத்தில் பெயர் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். கணக்குத் தொடங்க வந்தவர்களை, கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கடை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் ஆளனுப்பிச் சேமிப்பைத் திரட்டினார்கள். கந்துவட்டிக்காரரிடம் சிக்கிய நிலத்தைத் திருப்பக் கடன் கொடுத்தபோது, அந்த நிலம் பெண்ணின் பெயருக்கு மாற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். இந்தக் கடைசி விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடன் யாருக்கு என்று எல்லா வங்கிகளும் கேட்கின்றன. மீட்ட பொருள் யார் பெயரில் இருக்கும் என்று கேட்ட வங்கி அது.

இரண்டு வங்கிகளையும் தராசில் வைத்து ஒன்றை உயர்த்துவது என் நோக்கம் இல்லை. இரண்டுமே வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் கட்டியவை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் ஒன்று, வங்கி வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இன்னொன்று. வேறுபாடு, யாரை எண்ணிச் சமூகம் என்றார்கள் என்பதில் இருக்கிறது. பிறப்பால் உறவானவர்களில் ஆண்களை எண்ணியது முதலாவது. சாதியும் மதமும் தொழிலும் வேறுவேறாக இருந்த பெண்களை உழைப்பின் பெயரால் எண்ணியது இரண்டாவது. இன்று நம் ஊர்களில் குறுங்கடன் நிறுவனங்கள் வாரத்தவணைக்காகப் பெண்களின் வாசலில் வந்து நிற்கும் காட்சி இந்த இரண்டாவது வழியின் தொடர்ச்சிபோல் தோன்றலாம். அப்படி இல்லை. அங்கே பெண் கடனாளி மட்டுமே. சேவாவில் அவள் பங்குதாரர், கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவள்.

பெண்ணுக்கும் முதலுக்கும் உள்ள தொடர்பை நம் மொழி மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆய்மகள் ஒருத்தி வருகிறாள். மோரைத் தானியத்துக்கு மாற்றித் தன் சுற்றத்துக்கு உணவிடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் வருகிறபோது அதை வாங்க மறுக்கிறாள். எருமையாகவும் பசுவாகவும் கொடுங்கள் என்கிறாள். வகுப்பில் இதை முல்லை நில வாழ்க்கை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எது முடங்கும், எது பெருகும் என்று அறிந்தவள் அவள். எதை வாங்குவது என்று அவளே முடிவு செய்கிறாள். 'முதல்' என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தொடக்கம் என்றும் மூலதனம் என்றும் இரு பொருள். இரண்டு பொருளிலும் அவளை முதலாளி என்று அழைக்கலாம். அவளுடைய பேத்திகளின் கழுத்தில் நாம் பொன்னைப் போட்டோம். அதை அடகு வைக்கும் கையெழுத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம்.

நூற்றாண்டு கண்ட நிறுவனங்கள் மலர் வெளியிடுகின்றன, நிறுவனர் படங்களுக்கு மாலை போடுகின்றன. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்குச்சந்தையிலும் பட்டியலாகிவிட்டது. இனி அதன் பங்கை எந்தப் பெண்ணும், எந்தச் சாதியிலிருந்தும், தன் பெயரில் வாங்கலாம். சபையைக் கேட்க வேண்டியதில்லை. சட்டமும் சந்தையும் திறந்துவிட்ட வாசல் அது. வரலாற்றின் வாசலைத் திறக்க வேண்டியது நம் வேலை. ஆய்வுக்குத் தலைப்பு தேடி வரும் மாணவிகளிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: பழைய பங்குதாரர் பதிவேடுகளையும் மகமை நோட்டுகளையும் பேட்டைக் கணக்குகளையும் தேடிப் போங்கள். 'அம்மாள்' என்று முடியும் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்த உரிமையோடு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி காய்ச்சியவர்களும் தீப்பெட்டி ஒட்டியவர்களும் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் எதை எங்கே சேர்த்துவைத்தார்கள், அது கடைசியில் எதற்குச் செலவாயிற்று என்று கேட்டு எழுதுங்கள். சிறுவாட்டுக்கு நோட்டு இல்லை என்று தொடங்கினேன். அந்த நோட்டை இனிமேல்தான் போட வேண்டும்.